வீட்டார் அறியாத பாதி

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நீ முதன்முதலில் உத்தியோகத்தில் அமர்ந்த வங்கிக் கிளையில் உனக்கு மேலாளராக இருந்து, ஓய்வு பெற்ற பின்னரும் உன்னை மறவாமல் சிநேகம் பாராட்டி வந்த அந்தப் பெரியவர் காலமான செய்தியை உன் அம்மா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பழைய சகாக்கள் வெளியிடப்போகும் நினைவு மலருக்கு உன்னை ஒரு கட்டுரை கேட்டிருப்பதாகவும், எழுத உட்கார்ந்தால் ‘பண்பாளர்’, ‘பழகுவதற்கு இனியவர்’ என்பவற்றுக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தைகள் உனக்கே திருப்தி தரவில்லை என்பது நல்ல லக்ஷணந்தான். அச்சகத்திலேயே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த நான் எத்தனையோ நினைவு மலர்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். அவற்றிலுள்ள கட்டுரைகள் பெரும்பாலும், பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மலருக்கு அப்படியே உதவக்கூடியவை.

இன்னொன்றும் எழுதியிருந்தாய்: மயானத்துக்குப் போனபோது எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக நின்றதாக. அது உன் குறையன்று. தகப்பனார் போனால் பிள்ளைக்குக் கொள்ளிவைக்கும் கடமை இருக்கிறது. பங்காளிக்குத் தீட்டு இருக்கிறது. சம்பந்திக்குக்கூடச் செய்யவேண்டிய முறை ஒன்றிருக்கிறது. பல வருஷம் தினந்தோறும் காலை பத்து மணி முதல் மாலைவரை ஒருவருடைய அதிகாரத்தின் கீழிருந்து, அவருடைய கோபத்தையும் தயையையும் ஒருங்கே அனுபவித்து, பின்னர் அவருக்குச் சிநேகிதனாகவும் ஆனவனுக்கு நம் சாஸ்திரத்தில் ஒரு ஸ்தானமும் இல்லை. மாலை ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். ஆகையினால், அவனுக்குரிய காரியத்தை அவனேதான் கண்டுபிடித்துக் கொள்ளவேண்டும்.

எனக்கு மேலே தலைமைப் பிழைதிருத்துநராக இருந்தவரைப் பற்றி உன்னிடம் அதிகம் பேசியதில்லை. ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. கம்பாசிட்டர் கோத்துக் கட்டிய பக்கத்தின் புரூப் ஈரம் உலராமல் மேஜைக்கு வரும். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, அவர் கண்ணைப் புரூப்பில் பதித்துக் கேட்டுக்கொண்டே வருவார். ல, ள, ழ மூன்றையும் பேதமின்றி உச்சரிப்பவனை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளவே மாட்டார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். கோத்தவருடைய பிழைகளைச் சிவப்பு மையாலும், நூலாசிரியர் பின்புத்தியாய்ச் செய்கிற மாறுதல்களை நீல மையாலும் குறிப்பார். அந்தப் பேதத்தின் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று. சிவப்பாகக் கண்டதைக் கம்பாசிட்டர் தம் செலவில் திருத்தித் தரவேண்டும். நீலமாக இருப்பதற்கு அச்சகம் தனிக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆசிரியரின் சபலத்துக்கு ஒரு கம்பாசிட்டர் கூலியை இழக்கலாகாது என்பதற்காக, கண் மங்கிய வயதிலும், வரிக்கு வரி பேனா மாற்றிக்கொண்டிருந்தார். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது, துதிக்கை போட்ட பழைய லை, னை முதலியவற்றை ஒழித்துப் புதிய உருவங்களைக் கையாளவேண்டியதாயிற்று. அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மத்தியான்ன வேளையில் கூஜாவைத் திறந்து மோர் குடித்துக்கொண்டே அதைத் தூஷிப்பார். குடித்து முடித்து மேஜைக்கு வந்தால், தப்பித்தவறிப் புகுந்துவிட்ட பழைய எழுத்து ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

தெய்வப் பிறவி என்று எண்ணிவிடாதே. முன்கோபக்காரர். ஒருவனைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் கெட்டுப்போவான் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அது தவறான அபிப்பிராயம் என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனெனில் அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வராமையினாலேயே கெட்டிக்காரர்கள் சிலர் வேறு அச்சகம் தேடிப் போனார்கள். தீபாவளி மலர் வேலை தொடங்கிவிட்டால் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூட அரை மனத்தோடுதான் விடுப்புக் கொடுப்பார். (அந்தத் தங்கை உன் அம்மாதான், அவளைக் கேட்டுப் பார்.) ஓய்வு பெற்ற பிறகோ, நான் போகும்போதெல்லாம் வாசற்படிவரை வந்து வழியனுப்புவார். அதிகாரம் நீங்கியபின் மனிதர் இளகிவிடுவது வழக்கந்தான் என்றாலும், அந்தத் திண்ணையில் அவரோடு பேசிக் கழித்த சாயங்காலங்களே எனக்குக் கிடைத்த உண்மையான சம்பாத்தியம்.

அவர் காலமான பத்தாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து எல்லாரும் அங்குமிங்கும் சாய்ந்திருந்த வேளையில், அவருடைய மூத்த மகள், பேரன் பேத்தி எடுத்த அம்மாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: “அண்ணா, அப்பா ஆபீஸிலே சிரிப்பாரா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலப்பிரதிகளில் கண்ட அபத்தங்களையெல்லாம் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்து, வேலை ஓய்ந்த நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரிப்பவர் அவர். அதைச் சொன்னேன். இரண்டு பேனா விஷயத்தையும் சொன்னேன். அவருடைய மனைவி எழுந்து வந்து, சுவரோரமாகச் சாய்ந்து, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது அவரிடம் எஞ்சியிருந்தது களைப்பும் மௌனமுந்தான் போலும். அன்றுதான் எனக்குரிய காரியம் இன்னதென்று புலப்பட்டது.

நம் பெரியோர்களில், உடனிருந்து கண்டதைச் சொல்லிவைக்கும் இக்கடனை முறையாகத் தீர்த்தவர் யாரென்றால் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரையே சொல்வேன். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். அவருடைய சரித்திரத்தை ஐயரவர்கள் இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934-ஆம் ஆண்டுகளில். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சிறு சிறு சம்பவங்களையெல்லாம் திரட்டி எழுதினார்; பிள்ளையவர்கள் கடன்பட்டு வருந்தியதையும் மறைக்கவில்லை. உன் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது தியாகராச செட்டியாரின் கதை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த செட்டியார் கண்டிப்பானவர், மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிறவர். அவர் ஓய்வு பெறும் தறுவாயில், திருவாவடுதுறை மடத்திலிருந்த ஐயரவர்களைத் தம் ஸ்தானத்துக்குச் சிபாரிசு செய்து, அவரைப் பிரிய மனமில்லாதிருந்த மடாதிபதி சுப்பிரமணிய தேசிகரின் சம்மதத்தையும் பெற்று, 1880-இல் அந்த உத்தியோகத்தில் அமர்த்தினார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் வீடு வாங்கியபோது, அதற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டு அந்த நன்றியைத் தெருவறியச் செய்தார் ஐயரவர்கள். அதோடு நில்லாமல் செட்டியாருடைய சரித்திரத்தையும் தனியே எழுதினார். அந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். எழுதி வைத்தது இருக்கிறது.

நீயும் நானும் அவ்வளவு பெரிதாக எழுதவேண்டியதில்லை. உன் மேலாளர் நகைக்கடன் கேட்டு வந்த கிழவியிடம் எப்படிப் பேசினார், கணக்கு நேராகாத மாலையில் உங்களையெல்லாம் உட்காரவைத்துக்கொண்டு என்ன செய்தார், தணிக்கைக்காரர் வந்தபோது எந்தத் தவற்றைத் தம்மதென்று ஏற்றார், யாரிடம் அநியாயமாகச் சீறினார் என்பவை உனக்குத்தான் தெரியும். தேதி நிச்சயமில்லாவிட்டால் தேதியை விட்டுவிடு. அவர் சொல்லாததை அவர் வாயில் போடாதே. இறந்தவர் மறுக்க வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதப்படும் சம்பாஷணைகளை நான் நிறையப் பார்த்தாயிற்று. குறைகளில் எதை எழுதலாம் என்று சந்தேகம் வந்தால், அவர் மனைவியின் முன்னிலையில் உரக்கப் படிக்கக் கூடியதை எழுது. கட்டுரையில் உன்னைப் பற்றிய பகுதி அவரைப் பற்றியதைவிட நீண்டுவிடாமல் பார்த்துக்கொள். இரங்கற் கட்டுரைகளில் இந்த வியாதி அதிகம்.

மலர் எப்போது வருமோ, வந்தாலும் எத்தனை பேர் படிப்பார்களோ தெரியாது. ஆகவே அதற்கு முன் ஒரு காரியம் செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போ. துக்கம் விசாரிக்க வருகிற கூட்டம் இதற்குள் ஓய்ந்திருக்கும். அந்த அம்மாள் தனியாக இருப்பார். அவசரப்படாமல் உட்கார்ந்து, வங்கியில் அவர் எப்படியிருந்தார் என்பதைச் சொல். கட்டுரையைத் திரும்பி வந்து எழுது. எழுதியதை எனக்கு அனுப்பு, இரண்டு மையிலும் திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா