பொலோனியாவில் ஒரு மாணவனின் நாள்



நம்ம லேப்பில் கால்வனோமீட்டர் முள் ஆடுவதைப் பார்க்காதவர் உண்டா? அதற்குப் பெயர் தந்த லூயிஜி கால்வானி (1737-1798) இத்தாலியின் பொலோனியா நகரத்துக்காரர். மார்க்கோனி 1874-இல் பிறந்ததும் அதே ஊரில்தான். நான் அங்கே போனவன் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். வெளிநாட்டுப் படிப்பு என்றால் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் என்பது எங்கள் தெருப் பேச்சு. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்த்துவிடலாம்.

காலை 9 மணி வகுப்புக்கு மாணவன் நடந்தே கிளம்புகிறான். மழையோ வெயிலோ கவலையில்லை. தெருவுக்குத் தெரு வீடுகளின் முன்னால் தூண் வைத்த நடைபாதை உண்டு, நம்ம ஊர் கோயில் பிராகாரம் மாதிரி. நகரம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர்! மாணவர் கூட்டம் பெருகி வீடு போதாமல் போனபோது, மாடி அறைகளைத் தெருப் பக்கம் நீட்டிக் கட்டி அடியில் தூண் கொடுத்தார்கள். 1288-இல் புது வீடு கட்டினால் நடைபாதை விட்டே ஆக வேண்டும் என்று சட்டமே வந்தது. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

9 மணி வகுப்பு பெரும்பாலும் 9.15-க்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரம் பழைய வழக்கம். ஆனால் ஆதியில் வாத்தியார் தாமதமாக வந்தால் என்ன நடந்தது தெரியுமா? அபராதம்! போட்டவர்கள் மாணவர்கள்.

நம்ம மாணவர் மன்ற மலரில் இதை எழுதியே ஆக வேண்டும். இந்தப் பல்கலைக்கழகம் 1088-இல் தோன்றியதாகச் சொல்வது மரபு. தோற்றுவித்தது அரசனும் இல்லை, வள்ளலும் இல்லை. சட்டம் படிக்க வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். யாரோ ஒரு சொந்த ஊர்க்காரன் பட்ட கடனுக்கு இவர்களைப் பிடித்துக் கேட்கும் காலம் அது. தனியாக இருந்தால் பிழைக்க முடியாது. யுனிவர்சிடாஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அன்று சங்கம் என்றே பொருள். தலைவரும் மாணவர்தான். ஆசிரியருக்குச் சம்பளம் தந்ததும் அவர்களே. மணி அடித்த பிறகும் பாடம் நடத்தினால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால் அந்த ஆசிரியர் லீவு போட்டதாகக் கணக்கு! பிற்பாடு நகராட்சி சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் மாணவர் பிடி தளர்ந்துபோனது.

மதியம் மென்சா எனப்படும் மாணவர் உணவகம். பிறகு நூலகம். ஊர் நடுவே சாலாபோர்சா என்ற பொது நூலகத்தில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து படிக்கலாம்.

தேர்வுதான் பெரிய விஷயம். பல பாடங்களுக்கு எழுத்தோடு முடியாது, வாய்மொழித் தேர்வும் உண்டு. வைவா என்றாலே வயிறு கலக்கும் நமக்கு! அங்கே அது பொதுத் தேர்வு. பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். மொத்தம் 30 மதிப்பெண், 18 எடுத்தால் பாஸ். 20 கிடைத்து மனசு ஒப்பவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதலாம். பாஸ் மார்க்கைத் திருப்பிக் கொடுப்பதா! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

இனி பணம். குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கணக்குப் பார்த்து மாநில உதவித்தொகை தருகிறார்கள். வெளிநாட்டு மாணவரும் கேட்கலாம். கிடைத்தால் கட்டணமும் குறையும் அல்லது இல்லாமலே போகும். வருமானச் சான்றுகளை ஊரிலேயே வாங்கி, இத்தாலிய மொழியில் பெயர்த்துக் கொண்டுபோக வேண்டும். ஆனால் உதவித்தொகை சும்மா இல்லை. ஓராண்டுக்கு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 மணி நேர உழைப்பு. முதல் ஆண்டில் குறிப்பிட்ட அளவு முடிக்காவிட்டால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். ஆகவே, தெருப் பேச்சு பாதி தப்பு. மீதிப் பாதி வீட்டு வாடகை. 2023-இல் வாடகை தாங்காமல் இத்தாலிய மாணவர்களே பல்கலைக்கழக வாசல்களில் கூடாரம் போட்டுப் போராடினார்கள்.

சாயங்காலம் நண்பர்களோடு நடந்தால் அசினெல்லி கோபுரம் கண்ணில் படும். 97 மீட்டர் உயரம், 498 படி. பட்டம் வாங்குமுன் ஏறினால் படிப்பு முடியாது என்று மாணவர்கள் ஏறமாட்டார்கள். பக்கத்திலுள்ள காரிசெண்டா சாய்கோபுரத்துக்கு ஆபத்து என்று 2023 அக்டோபரில் இதையும் மூடியபோது, பட்டம் வாங்கியவர்களும் கீழே நின்றுதான் பார்த்தார்கள்.