விழுந்தவரைத் தூக்கும் முன்

பசறைத் தங்கச்சிக்கு,

அப்பாயி இஸ்தோப்புப் படியில் இடறி விழுந்ததையும், நெற்றியில் சிறு காயத்தோடு இரண்டு கைகளும் சோர்ந்துபோனதையும் எழுதியிருந்தீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லையே, பிறகு எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

எலும்பு முறியாமலும், முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டான முண்ணாண் நசுங்கும். வயது ஏற ஏறக் கழுத்தெலும்பின் ஓரங்கள் தடித்து, முண்ணாண் இறங்கும் குழாய் ஒடுங்கிவிடுகிறது. முகங்குப்புற விழுந்து நெற்றி மோதும்போது கழுத்து சட்டெனப் பின்னால் மடிய, ஒடுங்கிய அந்த இடத்தில் முண்ணாண் நெருக்குண்டுபோகிறது. இப்படி அடிபட்டால் கால்களைவிடக் கைகளே அதிகம் சோரும். 1954லேயே மருத்துவர்கள் இதை விவரித்திருக்கிறார்கள். நரம்பின் நிலை தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

முண்ணாண் காயம் என்றதும் நமக்கு நினைவு வருபவர்கள் இளவயதினர். சவுக்கு மரத்தில் கிளை வெட்டப்போய் விழுந்தவர்கள், 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் பாய்ந்த பஸ்ஸைப் போன்ற விபத்துகளில் சிக்கியவர்கள். அந்த ஆபத்துகள் இன்னும் தீரவில்லை. ஆனால் நாடு முதுமையடைகிறது: இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 1981ல் நூற்றுக்கு 6.6, 2012ல் 12.4. நமக்கு முன்பே முதுமையடைந்த ஜப்பானில் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தக் காயத்துக்கு முதல் காரணம் சமதரையில் விழுவதுதான்.

சமதரையிலேயே அப்படியென்றால் நம் லயங்களை நினைத்துப் பாருங்கள். மழையில் பாசி பிடித்த கல்படி, வழுக்கும் பீலிக்கரை, இராத்திரி இருட்டில் கக்கூஸுக்குப் போகும் சரிவு. வாழ்நாளெல்லாம் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் வயதான காலத்தில் நடக்கும் பாதை இது.

விழுந்தபின் நாம் செய்வதை எண்ணித்தான் எனக்கு அதிகம் கவலை. கம்பளியில் சுருட்டித் தூக்குகிறோம், எண்ணெய் போட்டுக் கழுத்தை உருவுகிறோம். தயவுசெய்து வேண்டாம். விழுந்தவருக்குக் கை மரத்தாலோ, எரிந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி ஏறாத மலையென்றால் கதவுப் பலகையில் படுக்கவைத்து, கழுத்தின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து, ரோடு வரை மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

அப்பாயி மறுபடி நடப்பார் என்று நம்பலாம். இந்த வகைக் காயத்தில் பெரும்பாலும் கால் பலம் முதலில் திரும்பும், விரல்கள் கடைசியில். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோட்ட அலுவலகத்தில் உங்கள் லயத்தார் அடுத்த முறை பேசும்போது, படிக்குக் கைப்பிடியும் கக்கூஸ் வழிக்கு விளக்கும் முதலில் கேளுங்கள்.