வீட்டுப் பாடம் யாருடைய பாடம்?

(பெற்றோருக்கு ஓர் ஆசிரியர் எழுதுவது)



விளக்கு வைக்கும் நேரத்தில் நம் தெருக்களின் வழியே நடந்து போகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான் காதில் விழும்: "எழுதி முடித்தாயா, இல்லையா?" அதைத் தொடர்ந்து சில வீடுகளில் அதட்டல், சில வீடுகளில் அடி, வேறு சில வீடுகளில் அழுகை. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் தாய் தந்தையரும், நாள் முழுதும் பள்ளியில் உட்கார்ந்து வரும் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் அன்பாய்ப் பேசக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரமே. அதுவும் சண்டையிலே கழிந்து போவது எவ்வளவு பெரிய நஷ்டம்! ஆகவே வீட்டுப் பாடத்தைப் பற்றி நாம் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆறாம் வகுப்புக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆண்டில், ஒரு சிறுமியின் வீட்டுப் பாட நோட்டு எப்போதும் குறையில்லாமல் இருக்கும். எழுத்து முத்து முத்தாய் இருக்கும்; விடைகள் எல்லாம் சரியாய் இருக்கும். நானும் சிவப்பு மையால் "நன்று" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். அவள் மேலே உள்ள எண்களைக் கூட்டினாள்; கீழே உள்ள எண்களைக் கூட்டினாள்; ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதே கணக்குக்கு முந்தின நாள் அவளுடைய நோட்டில் ஆறில் ஐந்து என்ற சரியான விடை இருந்தது!

மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். "சார், பிள்ளை அடி வாங்கிவிடப் போகிறாளே என்றுதான் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். நேரமாகிவிட்டால் தனித்தாளில் நானே போட்டுக் கொடுப்பேன், அவள் பார்த்து எழுதுவாள்" என்று கண் கலங்கினார். நான் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மூன்று மாதமாக அந்தத் தாயாரின் கணக்கைத் திருத்தி அவருக்கு "நன்று" போட்டுக்கொண்டிருந்தவன் நான் அன்றோ? பிள்ளைக்குப் பின்னம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தால் வகுப்பிலேயே திரும்பவும் சொல்லிக்கொடுத்திருப்பேன். தப்பில்லாத அந்த நோட்டுதான் அதை என் கண்ணுக்கு மறைத்துவிட்டது. அதைவிட வருத்தமான காரியம், தன்னுடையதல்லாத வேலையைத் தன்னுடையது என்று காட்டும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு நம் இருவராலும் வந்ததுதான்.

வீட்டுப் பாடம் எதற்கு?

வகுப்பில் கேட்டது நிலைக்கிறதா என்று பார்ப்பதற்கும், நிலைக்கச் செய்வதற்குமே வீட்டுப் பாடம். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் என்பவர் தம்மையே சோதித்துப் பார்த்து, கற்றது எவ்வளவு விரைவில் மறந்து போகிறது என்பதை 1885-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்ற முதல் நாளிலேயே பெரும் பகுதி மறந்து போகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறதி குறைகிறது என்று கண்டார்.

திரும்பப் படிப்பதிலும் இரு விதம் உண்டு. 2006-ம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சில பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு சாரார் தாளை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு எளிய வழி கிடைக்கிறது. "பத்துத் தடவை படி" என்று சொல்வதைவிட, "புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லு" என்று சொல்வதே பிரயோசனம். சொல்லும்போது பிள்ளை திக்கினால் பயப்பட வேண்டாம். அந்தத் திக்கலில்தான் பாடம் மனதில் பதிகிறது. பார்த்து எழுதும் நோட்டில் இது நடப்பதில்லை.

எவ்வளவு போதும்?

"நிறையக் கொடுக்கும் பள்ளியே நல்ல பள்ளி" என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இது சரியல்ல. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும் வீட்டுப் பாடம் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளிலும் உள்ள மாணாக்கரிடம் வீட்டுப் பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உறுதியாகத் தெரிந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் அது சொற்பமாகவே இருந்தது.

நம் நாட்டிலும் இது கவனிக்கப்பட்டிருக்கிறது. 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-ம் ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் அவ்வாறே கூறி, மற்ற வகுப்புகளுக்கும் அளவு குறித்திருக்கிறது. 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம். 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம். 9 முதல் 12 வரை நாளுக்கு 2 மணி நேரம். இவை மேல் எல்லைகள். இவற்றைத் தாண்டலாகாது என்பதே கருத்து.

நான்காம் வகுப்புப் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, டியூஷனுக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கண்ணோடு எழுதிக்கொண்டிருந்தால், குற்றம் பிள்ளையுடையதல்ல. அங்கே பெற்றோர் ஆசிரியரிடம் மரியாதையாய்ப் பேசத்தான் வேண்டும்.

பெற்றோரின் இடம் எது?

"சொல்லிக்கொடுக்கவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது என்றால் நாங்கள் என்னதான் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப் பாடத்தில் உதவியபோது, அவர்கள் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணக்குக் கற்றார்கள். பயமும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அதே பயமுள்ள பெற்றோர் அடிக்கடி தலையிடாத வீடுகளில் அந்தத் தீங்கு காணப்படவில்லை. பதற்றத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கும் உதவி, உதவியே அல்ல.

நல்ல உதவி எது? அந்தப் பின்னக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. தாய்க்கு விடை தெரிய வேண்டியதில்லை. தோசை சுடும்போது, "பாதித் தோசை தட்டில் இருக்கிறது. அதோடு மூன்றில் ஒரு பங்கு தோசையும் வைத்தால், பாதிக்கு மேல் இருக்குமா, குறைவாய் இருக்குமா?" என்று கேட்டால் போதும். பிள்ளை, "மேலேதான் இருக்கும்" என்று சொல்லும். "நீ எழுதியது பாதிக்கு மேலா, கீழா?" என்பது அடுத்த கேள்வி. ஐந்தில் பாதி இரண்டரை. ஆகவே ஐந்தில் இரண்டு பாதிக்கும் குறைவு. பாதியோடு ஒன்றைச் சேர்த்தபின் அது பாதியைவிடக் குறைந்து போகுமா? தப்பைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பிறகு ஒரே அளவுள்ள தோசைகளை ஆறு ஆறு துண்டாக்கிப் பார்க்கட்டும்: பாதி என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு, ஆக மொத்தம் ஆறில் ஐந்து. பள்ளிக்கே போகாத பாட்டி கூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பிள்ளைக்கு எவ்வளவு முயன்றும் வரவில்லையா? விடையைப் போட்டுக் கொடுக்காதீர்கள். நோட்டின் ஓரத்தில், "இருபது நிமிஷம் முயன்றாள், இதற்கு மேல் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தப்பில்லாத நோட்டைவிட அந்த ஒரு வரி ஆசிரியருக்கு எவ்வளவோ உபகாரம். அதற்காகப் பிள்ளை அடி வாங்கும் என்ற பயம் வேண்டாம். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில், அரசுப் பள்ளிகளில், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே.

ஆசை பிறப்பது எப்படி?

"முதல் மார்க்கு வாங்கினால் சைக்கிள், வீட்டுப் பாடம் முடித்தால் கைபேசி" என்று பேரம் பேசுகிறோம். 1973-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, "வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசும் தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே தாமாக வரைந்தார்கள். விளையாட்டாய் இருந்தது கூலி வேலை ஆகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு இல்லை. ஆகவே பரிசே கூடாது என்பதல்ல. பேரம் பேசுவதுதான் கெடுதி.

புகழ்ச்சியிலும் எச்சரிக்கை தேவை. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரை, "நீ கெட்டிக்காரன்" என்று புகழ்ந்தார்கள். சிலரை, "நன்றாக முயன்றாய்" என்று புகழ்ந்தார்கள். பின்பு கடினமான புதிர்களில் இரு சாராரும் தோற்றார்கள். அதற்குப் பிறகு கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் தளர்ந்து போனார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களோ முன்னேறினார்கள். தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னவர்களும் கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களிடையேதான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளை பொய் சொல்லவும் துணிகிறது என்பதைக் கவனியுங்கள்.

வீட்டுப் பாடம் செய்ய மறுக்கும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லுமுன் நான்கு காரியங்களை விசாரியுங்கள். பாடம் புரியவில்லையா? உடம்பு களைத்திருக்கிறதா? யாருக்காவது பயப்படுகிறதா? மிகவும் சுலபமாய் இருப்பதால் சலிப்பா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிரம்பு இவற்றில் எதற்கும் மருந்தல்ல.

அந்தச் சிறுமியின் கதை முடிவு

தாயாரும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் எழுதித் தருவதில்லை. நான் தப்புக்காகத் திட்டுவதில்லை. முதல் வாரம் நோட்டு முழுவதும் தப்பாய் வந்தது. அதைப் பார்த்துத்தான் எங்கே தடுக்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளோடு சேர்த்து வகுப்பில் இன்னும் பதினோரு பேர் அதே இடத்தில் தடுக்கியிருந்தார்கள்! எல்லாருக்குமாகப் பின்னத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்டு முடிவில் அவள் வாங்கியது நடுத்தர மதிப்பெண்தான். ஆனால் அது அவளுடைய சொந்த மதிப்பெண். பள்ளி விடும் நாளில் அவள் என்னிடம் வந்து, "சார், இந்தத் தடவை அம்மா ஒன்றும் சொல்லித் தரவில்லை" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதுவரை நான் போட்ட "நன்று" ஒன்றும் கொடுத்ததில்லை.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. படிப்புக்கு ஒரு நேரமும் ஒரு மூலையும் குறியுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும், பெரியவர்களின் கைபேசியும் ஓய்வெடுக்கட்டும்.

2. தினமும் ஒரு பாடத்தைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் செய்து, குறுக்கிடாமல் கேளுங்கள்.

3. ஒரு விடையையும் நீங்கள் எழுதாதீர்கள். வராததை ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.

4. "எத்தனை மார்க்கு?" என்று கேட்குமுன், "இன்று எது கஷ்டமாய் இருந்தது?" என்று கேளுங்கள்.

5. அண்ணனோடும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசாமல் ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

6. நேரத்தோடு தூங்க வையுங்கள். பாடம் மீந்தாலும் தூக்கம் குறையலாகாது.

குடும்பத்தில் பேசிக்கொள்ளச் சில கேள்விகள்

நம் பிள்ளையின் நோட்டில் இருப்பது யாருடைய வேலை? தெரியவில்லை என்று நம்மிடம் வந்து சொல்ல அதற்குத் தைரியம் இருக்கிறதா? கடைசியாக நாம் அதை எதற்காகப் புகழ்ந்தோம்?