‘எண்ணத்தில் இருந்தேன்’

‘நாளைதான் கடைசி நாள் என்ற எண்ணத்தில் இருந்தேன்.’ தமிழில் இதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அலுவலக மின்னஞ்சலில் இதையே ஆங்கிலமாக்கும்போதுதான் நம்மில் பலர் ‘ஐ வாஸ் இன் தி இம்ப்ரெஷன்’ என்று எழுதிவிடுகிறோம்.

நம்பிக்கை: ‘இன்’ போட்டாலும் ‘அண்டர்’ போட்டாலும் ஒன்றுதான்.

உண்மை: இங்கே ‘இன்’ செல்லாது, ‘அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்பதே சரி. ‘எண்ணத்தில்’ என்பதிலுள்ள ஏழாம் வேற்றுமை உருபுதான் நம் கையைப் பிடித்து அப்படி எழுத வைக்கிறது. தமிழில் நாம் எண்ணத்துக்குள் இருக்கிறோம். ஆங்கிலத்தில் எண்ணம் நம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. மாயை, பிரமை, போதை எல்லாவற்றுக்கும் அங்கே இதே ஏற்பாடுதான்: அண்டர் அன் இல்யூஷன், அண்டர் எ டெல்யூஷன், அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ். இம்ப்ரெஷன் என்ற சொல்லின் வேர், ‘அழுத்து’ என்று பொருள்படும் லத்தீன் வினை. பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கிறோமே, அதுவும் ‘தம்ப் இம்ப்ரெஷன்’தான். விரல் மேலே, காகிதம் கீழே. ‘அண்டர்’ அப்படித்தான் வந்தது என்று சாதிக்கமாட்டேன். மறக்காமலிருக்க எனக்கு அந்தக் காகிதம் உதவுகிறது.

நம்பிக்கை: ‘ஐ திங்க்’ என்பதை மரியாதையாகச் சொல்ல இந்தத் தொடர் ஏற்றது.

உண்மை: வம்பே இங்கேதான். இந்தத் தொடரைக் கண்டதும், பின்னால் ஒரு ‘ஆனால்’ வரப்போகிறது என்று ஆங்கிலம் அறிந்தவர் காத்திருப்பார். பெரும்பாலும் இது இறந்தகாலத்தில் வருவதும் அதனால்தான். விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஆம் அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்று தொடங்கி, இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று முடித்தால், தன் தகுதியில் தனக்கே சந்தேகம் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். மேலதிகாரிக்கு ‘யூ ஆர் அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்று எழுதினாலோ, ‘நீங்க தப்பா நினைச்சிட்டிருக்கீங்க சார்’ என்றுதான் அவர் காதில் விழும். நினைத்தது பிறகு சரியாகிப்போன இடத்திலும் இதை எழுதலாம், பிழையில்லை. சந்தேக வாடை மட்டும் போகாது.

நம்பிக்கை: ‘கிவ் எ ஃபால்ஸ் இம்ப்ரெஷன்’ என்பதும் இதுவும் ஒன்று.

உண்மை: அது தவறாக நினைக்க வைத்தவர் கணக்கு, இது அப்படி நினைத்துவிட்டவர் கணக்கு. சரக்கு இருப்பதாகக் காட்டிய கடைக்காரர் முதலாவதைச் செய்தார். நம்பி முன்பணம் கட்டியவர் இரண்டாவதில் இருந்தார். பாருங்கள், எனக்கும் ‘இல்’தான் வருகிறது.