மாம்பூ உதிரட்டும்

மதுரை,
மாசி 20

அன்புள்ள முகிலனுக்கு,

திருச்சி வீட்டுக்குக் குடிபோன கையோடு கொல்லையை உன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் கடிதம் முழுக்க ஒரே கவலையாக எழுதியிருக்கிறாயே! மாம்பூ கொட்டுகிறது, வேம்பு மொட்டையாகிறது, பூசணி பூத்தும் காய்க்கவில்லை, என்ன மருந்து அடிக்கலாம் பெரியம்மா என்று. மருந்து எதுவும் வேண்டாம். உங்கள் கொல்லைக்கு வசந்தம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பஞ்சாங்கத்தில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். கொல்லையில் அது மாசியிலேயே தொடங்கிவிடும்.

யூடியூபில் பார்த்து விதை வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். நீ பார்ப்பது குளிர்நாட்டுக்காரர்களின் தோட்டம். அங்கே உறைந்து கிடந்த மண் மார்ச்சில்தான் இளகிச் சூடேறும். அவர்களுக்கு வசந்தம் என்றால் விதைப்புக் காலம். நமக்கு மண் இப்போதுதான் காயத் தொடங்குகிறது. நம் விதைப்பை ஆடிக்கும் தைக்கும் வைத்துவிட்டார்கள் முன்னோர். இப்போது தக்காளி நட்டால் செடி வளரும், பூக்கும், ஆனால் இரவிலும் புழுக்கம் தணியாத நாட்களில் பூ காயாகாமல் உதிரும். கை துறுதுறுவென்றிருந்தால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடு. வெயிலுக்கு அஞ்சாத பிள்ளைகள் அவை. மற்றபடி இது மரங்களின் காலம். வேலை அவற்றுடையது, உனக்குப் பார்ப்பதும், கொஞ்சம் பொறுப்பதும்தான்.

மாமரத்துக்கு வருகிறேன். ஒரு பூங்கொத்தைக் கிட்டப் போய்ப் பார். சில நூறு பூக்கள் இருக்கும். சில கொத்துகளில் ஆயிரத்தையும் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். மகரந்தம் கொடுத்ததோடு அவற்றின் வேலை முடிந்தது, உதிர வேண்டியதுதான். ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்த பூக்கள்தான் காயாக முடியும். அவற்றிலும் மகரந்தம் சேராதவை விழும். சேர்ந்து பிஞ்சானதிலும் மரம் தன்னால் தாங்க முடிகிற அளவை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். நூறு பூவுக்கு ஒரு மாங்காய்கூடக் கணக்கில் வராது. ஒரு கொத்துக்கு ஒன்றோ இரண்டோ நின்றாலே கிளை வளைந்துவிடும். எல்லாப் பூவும் காயானால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்!

பூவில் ஈ மொய்க்கிறது, விரட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். விரட்டவே விரட்டாதே. மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்கள்தான் பெரிய துணை. பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். பிறகு காய் எங்கிருந்து வரும்? கொத்தைத் தட்டினால் ஆப்பு வடிவில் சின்னச் சின்னதாய் எதுவோ துள்ளிப் பறந்தால், இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டினால், அது தத்துப்பூச்சி. அதற்கும் கொத்து மொட்டாய் இருக்கும்போதே வேப்பெண்ணெய் தெளித்திருக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு. அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் இப்போதைக்கு நிறுத்திவை. பூக்கும் முன் வேர் நன்றாகக் காய்ந்திருந்ததால்தான் மரம் இந்த அளவு பூத்தது. மார்கழியில் தினமும் குழாயைத் திறந்து விட்டிருந்தால் இலையாகத் தழைத்துத் தள்ளியிருக்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தண்ணீரைத் தொடங்கு. தூரில் கொட்டாதே, உச்சிவெயிலில் கிளையின் நிழல் எதுவரை விழுகிறதோ அந்த வட்டத்தில் பாத்தி கட்டி விடு. நீர் குடிக்கிற வேர் அங்கேதான் இருக்கிறது.

பூசணிக் கதை வேறு. கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, நீளக் காம்போடு நிற்கும். பெண் பூ பின்னால் வரும், வரும்போதே இதழுக்கு அடியில் ஒரு குட்டிப் பூசணியைச் சுமந்துகொண்டு. வெயில் ஏற ஏற ஆண் பூக்கள்தான் அதிகமாகும், அதனால் பெண் பூ ஒன்று தென்பட்டாலே கொண்டாட்டம். பூசணி விடிகாலையில் விரியும், வெயில் ஏறியதும் வாடிவிடும். தேனீ வராத வீடென்றால் ஆறு மணிக்கே எழுந்து, ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்று. நாலைந்து நாளில் பிஞ்சு பருத்தால் ஒட்டிவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் அடுத்த பூவுக்குக் காத்திரு. பந்தலில் சுரையும் இருக்கிறது என்றாயே, அதற்கு விடியற்காலையில் போய்ப் பயனில்லை. அதன் வெள்ளைப் பூ சாயங்காலம்தான் விரியும், அந்துப்பூச்சிகளை நம்பி. பீர்க்கையும் அந்தி நேரத்துக்காரிதான். டார்ச் எடுத்துக்கொண்டு பந்தலடியில் நிற்கும் பையனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காய் வந்ததும் ஒன்று கொடுத்துவிடு.

முருங்கைக்குத் தண்ணீர் கூடினாலும் பூ கொட்டும், குறைந்தாலும் கொட்டும். கொஞ்சம் செல்லம் அது. அதில் ரீங்காரமிடும் பெரிய கருவண்டைப் பார்த்துப் பயப்படாதே. முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்க்க அதற்கு ஈடு கிடையாது. பட்டுப்போன கட்டையிலும் மூங்கிலிலும் துளைபோட்டுக் குடியிருக்கும். அதற்காகப் பந்தலில் பழைய மூங்கில் ஒன்றை அப்படியே விட்டுவை.

இனி வேம்பு. அது நோயால் மொட்டையாகவில்லை. பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளிர் விடப் போகிறது. மழையே இல்லாத மாதத்தில் தளிரா என்று தோன்றும். ஆழத்து ஈரத்தை எட்டும் வேர் அதற்கு இருக்கிறது. தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பச்சையம் ஏற ஏறத்தான் விறைப்பாகும். வாசலில் இருக்கும் புங்கையும் இதையேதான் செய்யும், பிறகு தெருவெல்லாம் பொரி இறைத்தாற்போல் பூவைக் கொட்டும். உதிர்ந்த இலையை யாரும் கொளுத்தாமல் பார்த்துக்கொள். எரிந்த இலைப் புகையை முகர்வதுபோல் எனக்கு எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. அந்தச் சருகை வாரிச் செடிகளின் அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போடு. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கும்போது, மூடிய மண்ணையும் மூடாத மண்ணையும் தொட்டுப் பார், வித்தியாசம் உன் விரலுக்கே தெரியும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது புழு. இன்னும் சில நாளில் பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாகப் போய்விடும். செடி பெரிதாக இருந்தால் அது தின்னும் இலையைக் கணக்குப் பார்க்காதே. சின்னக் கன்றென்றால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய செடியில் விடு.

மல்லியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதுரைக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உன் செடியில் மொட்டு குறைவு என்றால் கார்த்திகையில் யாரும் கவாத்து செய்யவில்லை என்று அர்த்தம். இந்த வருடம் இருப்பதைப் பறி, மொட்டு வெளுத்துப் பருத்திருக்கும்போது, காலையிலேயே. அது சாயங்காலம் தானாக விரியும். வருகிற கார்த்திகைக் கடைசியில் ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டிவிடு. மனசு வராது, இருந்தாலும் வெட்டு.

பங்குனியில் வேப்பம்பூ கொட்டத் தொடங்கியதும், முதல் நாள் இரவே மரத்தடியைக் கூட்டி ஒரு பழைய வேட்டியை விரித்துவை. காலையில் வாரி, காம்பு நீக்கி, நன்றாகக் காயவைக்க வேண்டும். ஏப்ரல் 14 அன்று பச்சடிக்கு வீட்டுப் பூவே ஆச்சு. எனக்கும் ஒரு டப்பா எடுத்துவை, எங்கள் மாடி வீட்டில் வேம்புக்கு எங்கே போவேன்? காற்றில் விழும் மாம்பிஞ்சையும் தூக்கிப் போடாதே. அடிபட்டது ஊறுகாய்க்கு ஆகாது, சாம்பாருக்குப் போகட்டும். காம்போடு நல்லதாய்க் கிடைப்பதை அம்மாவிடம் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி உப்பில் போடச் சொல். சித்திரைத் திருவிழா முடிந்ததும் வருகிறேன், ஜாடியை அதற்குள் காலி பண்ணிவிடாதீர்கள்.

அன்புடன்,
பெரியம்மா