நாய் ஏன் சொறிகிறது? மருந்துக்கு முன்னால் காரணம் தேடுவோம்



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். இந்த மாதம் வாசலில் காவல் கிடக்கும் நாயைப் பற்றிப் பேசுவோம். "நாய்க்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். நம்மால் ஒரு தவறு நடந்துபோனதால்தான் இதை எழுதுகிறோம்.

நெய்வேலி நகரியத்தில் வீட்டு வேலைக்குப் போகும் நம் உறுப்பினர் ஒருவருக்கு, அந்த வீட்டம்மா ஒரு பொமரேனியன் குட்டியைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அது உயிர். படுக்கையில்கூடப் பக்கத்தில்தான். சில மாதத்தில் அது ராவெல்லாம் சொறிய ஆரம்பித்தது. குழுக் கூட்டத்தில் சொன்னபோது, "சுரங்கத்துத் தூசிதான்க்கா, வேறென்ன" என்றார் ஒருவர். "பழைய இன்ஜின் ஆயிலைத் தடவு" என்றார் இன்னொருவர். "முந்திரிக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணில கலந்து ஊத்து" என்றதும் நம்மில் ஒருவர்தான். அவரும் நம்பி ஊற்றினார். நாய் தன் உடம்பை நக்கியது. வாயில் எச்சில் ஒழுகி, கைகால் இழுத்து, விடிவதற்குள் செத்துப்போனது.

அதே வாரம் இரண்டு பிள்ளைகளுக்கும் கையிலும் வயிற்றிலும் சிறு கொப்புளம், அரிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் நாய் இருக்கா?" அப்போதுதான் அது சொறி நோய் என்று நமக்குப் புரிந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் யோசனை சொல்லவில்லை. ஆனால் நாயை யாரும் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

அதனால் சகோதரிகளே, அரிப்பு என்பது நோயின் பெயர் அல்ல, அது ஓர் அடையாளம்தான். காரணம் பல இருக்கும். நாயை வெளிச்சத்தில் நிறுத்தி, முடியை விலக்கி, இப்படிப் பாருங்கள்.

1. இடுப்பு, வால் அடியைச் சொறிந்தால்: தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். பேன் சீப்பால் வாருங்கள். கறுப்புத் தூள் விழுந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, ரத்தம் குடித்த தெள்ளின் கழிவு. தெள்ளின் முட்டையும் புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும் தரையிலும்தான் அதிகம். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வரும்.

2. காதுக்குள், கழுத்தில், கால்விரல் இடுக்கில் பார்த்தால்: உண்ணி தெரியும். உண்ணி நாயின் மேல் முட்டை போடாது, கீழே விழுந்து சுவர் வெடிப்பில் போடும். அதனால் வெடிப்பை அடைக்க வேண்டும். உண்ணியால் காய்ச்சலும் ரத்தசோகையும் வரும். நாய் தின்னாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. காது ஓரம், முழங்கை, வயிற்றில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால்: சொறியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் பல நாய்களுக்குப் பின்னங்கால் தானாகச் சொறிய ஆடும். இது மனிதருக்கும் ஒட்டும். நாய்க்கு வைத்தியம் செய்தால் நமக்கு வந்த அரிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. வட்டமாக முடி கொட்டினால்: படர்தாமரையாக இருக்கலாம். அரிப்பு குறைவாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டும்.

5. தலையை உதறி, காதில் நாற்றம் அடித்தால்: காதுப் புண். குச்சியை விட்டுக் குடையாதீர்கள்.

6. இவை எதுவும் இல்லாமல் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால்: தூசியோ, தீவனமோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நெய்வேலிக்காரர்கள் நாம் தூசியைத்தான் முதலில் சொல்வோம். அதைக் கடைசியில் வையுங்கள். பூச்சியும் சொறியும் இல்லை என்று உறுதியான பிறகே இதை யோசிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை: இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பயிர் மருந்து மூன்றும் வேண்டவே வேண்டாம். நாய் நக்கும், தோல் வழியாகவும் விஷம் ஏறும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், சில மருந்து பூனையைக் கொன்றுவிடும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி நாள் கடத்தவும் வேண்டாம். தோலுக்குள் இருப்பதை அது கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது மூன்று செய்தி சொல்லுங்கள்: எந்த இடத்தைச் சொறிகிறது, எப்போது ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு. டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நாயின் எடைக்குத் தக்க மருந்து தருவார். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய் என்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச: 
உங்கள் வீட்டு நாய் எந்த இடத்தைச் சொறிகிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். இனி யார் வீட்டுப் பிராணிக்கும் யோசனை சொல்லும் முன், "தொட்டுப் பாத்தியா?" என்று கேட்பதை நம் குழுப் பழக்கமாக வைத்துக்கொள்வோம்.