வெட்டி இழுக்கும் டிராக்டர் கிளட்ச்: பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கியரைப் போட்டுக் கிளட்ச் பெடலிலிருந்து காலை மெல்ல எடுக்கும்போது டிராக்டர் சீராக நகர வேண்டும். அப்படி நகராமல், பெடல் பாதி தூரம் மேலே வரும்வரை அசையாமல் நின்றுவிட்டுத் திடீரென்று பாய்ந்தாலோ, உதறிக்கொண்டே கிளம்பினாலோ, கிளட்ச் வெட்டி இழுக்கிறது என்று பொருள். டிராக்டர் வைத்திருப்போரில் பலர் இதைப் பழகிப்போன குறை என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் உடனே பட்டறைக்குக் கொண்டுபோய், வண்டியைப் பிரித்துப் புதுப் பிளேட் போட்டுவிடுகின்றனர். இரண்டும் சரியல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போட்ட புதுப் பிளேட்டும் சில மாதங்களில் அதேபோல் வெட்டத் தொடங்கும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

வெட்டி இழுக்கும் கிளட்ச் வண்டிக்கு மட்டும் கேடு அல்ல; ஆளுக்கும் ஆபத்து. டிரெய்லரையோ கலப்பையையோ மாட்டும்போது உதவியாள் வண்டிக்கும் கருவிக்கும் நடுவில் நிற்பது வழக்கம். அந்த நேரத்தில் வண்டி ஒரு முழம் பாய்ந்தாலே போதும், ஆள் நசுங்கிவிடுவார். சேற்றில் பின்சக்கரம் புதைந்திருக்கும்போது கிளட்ச் வெடுக்கென்று பிடித்தால், சக்கரம் சுழல முடியாமல் வண்டியின் முன்பக்கம் தூக்கும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஓரிரு விநாடிகளே ஆகும். ஓட்டுபவர் குதித்துத் தப்ப நேரம் இருக்காது.

கிளட்ச் வேலை செய்யும் விதம்

என்ஜினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங் விசையால் மூன்றும் ஒன்றாக இறுகுகின்றன. இறுகுவதற்கு முன் ஒரு கணம் பிளேட் லேசாக வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் வண்டியைப் பதமாக நகர வைக்கிறது. பிளேட்டின் மேற்பரப்பு கெட்டாலோ, அழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, பெடலின் அசைவு தடைபட்டாலோ அந்தப் பதம் போய்விடும். எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளட்ச் உள்ள வண்டிகளின் அமைப்பு வேறு. இங்கே சொல்லப்படுபவை உலர் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு உரியவை.

வெளியிலிருந்தே செய்யும் சோதனைகள்

1. ஓட்டுபவரைச் சோதித்தல்: சமதரையில், சுமை ஏதும் இல்லாமல், தாழ்ந்த கியரில், என்ஜின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பழகிய வேறொருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் கையில் வண்டி சீராக நகர்ந்தால் குறை கிளட்சில் இல்லை. காலை எடுக்கும் முறையில் இருக்கிறது.

2. பெடல்: என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் அழுத்தி மெல்ல விட வேண்டும். இடையில் சிக்கிச் சிக்கி மேலே வந்தால், பெடல் தண்டும் இணைப்புக் கம்பிகளும் துருப்பிடித்தோ, சேறு காய்ந்தோ இருக்கின்றன. கால் மெல்ல எடுத்தாலும் கிளட்ச் துள்ளித்தான் பிடிக்கும். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே இது சரியாகிவிடும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

3. வெற்று அசைவு: பெடலை அழுத்தத் தொடங்கியதும் சிறிது தூரம் இலேசாக இறங்கி, அதன்பின் கனக்க வேண்டும். பல டிராக்டர்களில் இந்த அளவு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. வெற்று அசைவே இல்லாவிட்டால் பிளேட் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். அதிகமானால் கிளட்ச் முழுதும் விடாது; கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும்.

4. அடித்துளை: கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் பல டிராக்டர்களில் ஒரு சிறு துளை உண்டு. பலரும் கவனிக்காத இடம் இது. ஆனால் அதிகம் சொல்வதும் இதுவே. துளையைக் குத்தி விட்டு, வழிவதைத் துணியில் பிடித்துப் பார்க்க வேண்டும். கறுத்த மெல்லிய எண்ணெய் வந்தால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது. தடித்த, நாற்றமுள்ள எண்ணெய் வந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீலில் கசிவு. செந்நிறச் சேற்று நீர் வந்தால் உழவின்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பிளேட்டில் சிறிதளவு எண்ணெய் பட்டால் பசைபோல் ஒட்டி வெட்டும். நிறையப் பட்டால் வழுக்கும்.

சில வண்டிகளில் சேற்றுழவின்போது இந்தத் துளையை மூடத் திருகு மூடி உண்டு. உழவு முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் கசியும் எண்ணெயும் நீரும் உள்ளேயே தேங்கிப் பிளேட்டைக் கெடுக்கும்.

5. நேரம்: காலையில் முதல் சில முறை மட்டும் வெட்டிவிட்டுப் பிறகு சரியானால், ஈரமும் மெல்லிய துருவுமே காரணமாக இருக்கலாம். வேலை செய்யச் செய்யச் சூடேறி மோசமானால், பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருக்கலாம். அல்லது பிரஷர் பிளேட் வளைந்திருக்கலாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்

மேற்கண்டவற்றைப் பார்த்தும் குறை தீராவிட்டால் வண்டியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பிரிப்பதற்கே பெரும் கூலி ஆகும் என்பதால், திறந்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவது வீண்வேலை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். பிளேட்டை மாற்ற வேண்டும். அதற்குமுன் கசியும் சீலை மாற்ற வேண்டும். மேற்பரப்பு பளபளத்து இறுகியிருந்து, தடிமன் போதுமான அளவு இருந்தால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பயன்படுத்தலாம். ரிவெட் தலைகள் மேற்பரப்பை நெருங்கிவிட்டால் தாமதிக்கக் கூடாது. ரிவெட் உரசிப் பிளைவீலில் கோடு விழுந்துவிடும்.

பிளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலத் திட்டுகளோ நுண்ணிய வெடிப்புகளோ உண்டா என்று பார்க்க வேண்டும். அவை கடும் சூட்டின் அடையாளம். பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் பிளேட் ஒரு பக்கமாகப் பிடித்து உதறும். புதுப் பிளேட் போட்டபின்னும் வெட்டும் வண்டிகளில் இந்த அளவை முதலில் பார்ப்பது நல்லது. கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோல் வைத்தே சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

பிளேட் நகரும் தண்டின் பற்களில் துரு இருந்தால் நீக்கி, மிக மெல்லியதாக மட்டும் கிரீஸ் தடவ வேண்டும். அதிகம் தடவினால் அது சிதறிப் பிளேட்டிலேயே விழும். ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைக்கக் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். கிரீஸ் படிந்த கையால் புதுப் பிளேட்டின் மேற்பரப்பைத் தொடக் கூடாது.

ஹவுசிங்கில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு.

கிளட்ச் கெடாமல் காக்க

ஓடும்போது பெடல்மீது காலை வைத்திருக்கும் பழக்கத்தை விட வேண்டும். மேட்டில் வண்டியை நிறுத்தப் பிரேக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். பாதிக் கிளட்சில் நிறுத்திவைக்கக் கூடாது. சுமைக்கேற்ற தாழ்ந்த கியரில் கிளம்ப வேண்டும்.

வண்டி சேற்றில் புதைந்தால் என்ஜினை அலறவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விடுவதும், சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்ற முயல்வதும் உயிருக்கு உலை வைக்கும். பின்னோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறு வண்டியால் இழுக்க வேண்டும். இழுக்கும் சங்கிலியை டிராபாரில் தாழ்வாகவே மாட்ட வேண்டும். அச்சிலோ அதற்கு மேலோ மாட்டக் கூடாது.

பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்துவதானால், பெடலை மிதித்த நிலையில் கட்டை கொடுத்து வைக்கலாம். சில வண்டிகளில் அதற்கென்றே கொக்கி உண்டு. இல்லாவிட்டால் மழைக்காலத்து ஈரத்தில் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

காவிரிப் படுகையில் குறுவைக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. உழவு நெருக்கும் அந்த நாட்களில் பட்டறையில் இடம் கிடைப்பது அரிது. எனவே, கோடையில் வண்டி ஓய்ந்திருக்கும்போதே பெடலையும் அடித்துளையையும் பார்த்துவிடுவது நலம். குறை தீரும்வரை ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கருவி மாட்டும்போது கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, என்ஜினையும் நிறுத்திய பிறகே வண்டிக்குப் பின்னால் ஆளை நிற்க விட வேண்டும்.